பூங்கோதை நீதான் என்று நினைத்தேன்

நந்தா,

இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் போடப் போகிறேன், உனக்குச் சம்மதமா என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "போடும்மா, அதுல என்ன இருக்கு" என்றாய். அதில் என்ன இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே சம்மதம் சொல்பவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் நீ டப்ளினுக்குக் கிளம்ப இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. வாகடில் நீ தனியாக எடுத்திருக்கும் அறை பாதி காலியாகிவிட்டது. உன் அப்பா பெட்டியின் எடையைப் பற்றித் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. நேரில் உட்கார வைத்துச் சொன்னால் பாதியில் உன் போன் அடிக்கும், நீ "ஏக் மினிட்மா" என்று பால்கனிக்குப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். கடந்த ஒரு வருடத்தில் நம் மூன்று பேருக்குள் நடந்ததை, உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து.

சந்தேகம் என் பிறவிக் குணம் என்பார் உன் அப்பா. நான் அதைத் தொழில் கொடுத்த குணம் என்பேன். வங்கியில் பல வருடம் என் மேசைக்கு வந்த வேலை, செக்கில் இருக்கும் கையெழுத்தை எங்களிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது. உண்மையான கையெழுத்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். ஒருநாள் சுழி பெரிதாக இருக்கும், ஒருநாள் கடைசி எழுத்து கீழே சரியும். அச்சு அசலாக மாதிரியைப் போலவே ஒரு கையெழுத்து இருந்தால்தான் நான் தலையை நிமிர்த்தி ஆளின் முகத்தைப் பார்ப்பேன். இந்தப் பழக்கத்தோடு ஒருத்தி கதை எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஓய்வு பெற்ற பிறகு லேப்டாப்பில் எழுத ஆரம்பித்தேன். ஒரு வரி நன்றாக வந்துவிட்டால் உடனே பயம் வரும். இது நான் எழுதியதா, எங்கேயோ படித்தது நினைவில் தங்கி இப்போது கைவழியாக இறங்குகிறதா? சரியில்லாத வரியைத்தான் என்னுடையது என்று நிச்சயமாக நம்பினேன். எழுதி எழுதி லேப்டாப்பிலேயே போட்டு வைத்தேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. வீட்டுக் கணக்கு பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

கதை உனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று சொல்லியிருக்கிறாய். ருக்மணி என்று அறுபது வயதுப் பெண். புனேயில் ஒரு சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், கணவனோடு இருக்கிறாள். சண்டை எதுவும் இல்லை. ஒருநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதே சொசைட்டியில் எதிர்க் கட்டடத்தில் வாடகைக்குக் குடியேறிவிடுகிறாள். கணவன் பால்கனியில் நின்றால் அவள் துணி காயப்போடுவது தெரியும். காய்கறி வண்டிக்காரனிடம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டி வரும். அவ்வளவுதான் ஆரம்பம்.

நீ லேப்டாப்பில் ஏதோ அப்டேட் போட உட்கார்ந்த அன்று அதைப் பார்த்துவிட்டாய். "என்னம்மா இது, இவ்ளோ பெரிய ஃபைல்?" என்றாய். கதை என்றேன். "யாருக்கு?" என்றாய். அன்று சாயங்காலமே நீ நியூஸ்லெட்டர் என்று ஒன்றைத் திறந்து காட்டினாய். வாரம் ஒரு அத்தியாயம் போடலாம், பெயர் கொடுத்தவர்களுக்கு அது மின்னஞ்சலாகப் போய்ச் சேரும், பிடித்தால் பதில் எழுதுவார்கள் என்றாய்.

"இதெல்லாம் சும்மாவே குடுக்கறாங்களா கண்ணு?"

"சும்மாதான்மா."

"சும்மா குடுக்கறவன் நம்மகிட்ட எதையோ எடுத்துக்குவான். எதை?"

"அரே, அம்மா. உன் கதையை எடுத்துட்டுப் போய் அவங்க என்ன பண்ணுவாங்க?"

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அது எங்கேயோ சுருக்கென்று பட்டது. எடுத்துக்கொண்டு போகவும் தகுதியில்லாத கதை என்று நீ சொல்லவில்லை. என் காதில் அப்படித்தான் விழுந்தது. பக்கத்தை நீயே அமைத்துக் கொடுத்தாய், ஒரு படம்கூட வைத்தாய். வியாழக்கிழமை போடலாம் என்று பேச்சு. முதல் வியாழக்கிழமை மின்சாரம் போய்விட்டது என்றேன். அடுத்த வியாழக்கிழமை கண் வலி. அதற்கடுத்த வியாழக்கிழமை வந்தபோது எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பெயர் கொடுத்தவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நீ, உன் அப்பா, கோயமுத்தூரில் என் தங்கை, பழைய வங்கித் தோழிகள் இரண்டு மூன்று பேர். தங்கை திறக்கவே மாட்டாள். தோழிகள் மராத்திக்காரிகள், அன்புக்காகப் பெயர் கொடுத்தவர்கள். உன் அப்பா போனில் செய்தி தவிர எதுவும் படிக்கிறவர் இல்லை. ஆக, யாரும் படிக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில் பட்டனை அழுத்தினேன். என் முதல் அத்தியாயம் வெளியே போனது தன்னம்பிக்கையினால் அல்ல, அதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை.

பூங்கோதை இரண்டாவது அத்தியாயத்துக்கு வந்தாள். பட்டியலில் புதிதாக ஒரு பெயர், மறுநாள் காலை ஒரு பதில். "ருக்மணி பெட்டியில் வைத்தவை எல்லாம் சரி. இட்லித் தட்டை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனாள் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்." அவ்வளவுதான் கடிதம். பட்டியலைத் திறந்து அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் என்று நினைக்காதே. யார் இவள்? இந்தக் காலத்தில் யார் பூங்கோதை என்று பெயர் வைக்கிறார்கள்? இனிஷியல் கிடையாது, ஊர் கிடையாது, படம் கிடையாது. அடுத்த வாரமும் எழுதினாள், அதற்கடுத்த வாரமும். சின்னச் சின்னக் கடிதங்கள், எப்போதும் வெள்ளிக்கிழமை காலை. முதலில் மெஷின் எழுதித் தருகிறதோ என்று பார்த்தேன். மெஷின் எழுத்துப் பிழை விடாது. இவள் விட்டாள். "பழக்கம்" என்பதைப் "பலக்கம்" என்று எழுதினாள். "வாழ்க்கை" அவளுக்கு "வால்க்கை". அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் வீட்டில் ஒருவன் இருக்கிறான், சின்ன வயதிலிருந்து வாழைப்பழத்தை வாலப்பலம் என்று சொல்கிறவன். இங்கே புனேயில், தாபோடியில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் இந்தியும் மராத்தியும் இங்கிலீஷும் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசுகிறவன். அம்மா மனம் நொந்துவிடக் கூடாது என்று கள்ளப் பெயரில் கடிதம் எழுதக்கூடியவன்.

அதற்குப் பிறகு அந்தக் கடிதங்களை நான் கையெழுத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். இட்லித் தட்டைக் கவனித்திருக்கிறாள், அது நம் வீட்டு இட்லித் தட்டுத்தானே, அவனுக்குத் தெரியாதா. புதன்கிழமை நீ சாப்பிட வந்தால், "வியாழக்கிழமை வர்றது எப்படி இருக்கும்மா?" என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை கடிதம் வரும். ஞாயிற்றுக்கிழமை "படிச்சேன்மா, செம" என்பாய். செம என்றதும் நான் உன் முகத்தைப் பார்ப்பேன், நீ போனைப் பார்ப்பாய். நடிக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். வேறு யாரையும் சந்தேகிக்க இடமில்லை. உன் அப்பாவுக்குத் தமிழில் பிழை வராது, அதைவிட, அவருக்கு ஒரு பெண் பெயரை யோசித்து வைக்கிற அளவுக்குப் பொறுமையும் கிடையாது.

உன்மேல் கோபம் வந்தது என்று சொல்ல வேண்டும் இல்லையா? வரவில்லை. எனக்கு எழுதுவது சுலபமாகிவிட்டது. வியாழக்கிழமை பட்டனை அழுத்தக் கை நடுங்கவில்லை. யாருக்குப் போகிறது, என் பையனுக்குத்தானே. சரியில்லாவிட்டாலும் அவன் சொல்ல மாட்டான். நான் எழுதினேன், நீ பூங்கோதையாகப் பதில் எழுதினாய், நேரில் நாம் இரண்டு பேரும் அதைப் பேசாமல் சாம்பாரைப் பரிமாறிக்கொண்டோம். அந்த வாரங்களில் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஏழாவது அத்தியாயத்தில் ஒரு பொறி வைத்தேன். உனக்கு முதல் இன்டர்வியூ இருந்த நாள் நினைவிருக்கிறதா? சிவாஜி நகர் போக வேண்டியவன், தாபோடி ஸ்டேஷனில் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்ற லோக்கலில் ஏறி லோனாவாலாவுக்குப் போய்விட்டாய். இஸ்திரி போட்ட சட்டையோடு அங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்காலம் திரும்பி வந்து, நல்லா பண்ணியிருக்கேன், கூப்பிடுவாங்க என்று அப்பாவிடம் சொன்னாய். உன் பையில் லோனாவாலா சிக்கி, அந்த ஊர்க் கடலை மிட்டாய்ப் பொட்டலம் இருந்ததை நான் பார்த்தேன். "ஏன் சாமி?" என்று சமையலறையில் வைத்துக் கேட்டேன். "உள்ள போனா நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்மா" என்றாய். நான் எழுதும் வரைக்கும் அது உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அதைத் தூக்கி ருக்மணியின் மகனுக்குக் கொடுத்தேன். ரயில், சட்டை, சிக்கி, நீ சொன்ன அந்த வார்த்தை, எல்லாவற்றையும். இதைப் படித்துவிட்டு நீ சும்மா இருக்க முடியாது. பூங்கோதையாகவாவது தடுமாறுவாய், இல்லை ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே "அம்மா, என்ன இது?" என்பாய்.

வெள்ளிக்கிழமை காலை கடிதம் வந்தது. "ரயிலில் போகும் பையன் பகுதி நன்றாக இருக்கிறது. ஆனால் அவன் இந்தக் கதையில் இருப்பவன் இல்லை. நீங்கள் யாரையோ கூப்பிடுவதற்காக அவனை இங்கே கொண்டு வந்திருக்கிறீர்கள். அந்த ஆளுக்கு நேராகவே ஒரு கடிதம் எழுதிவிடலாமே. ருக்மணி போன வாரத்திலிருந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு நின்றுகொண்டே இருக்கிறாள். அவளை யார் பார்ப்பது?"

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ இதை எழுதியிருக்க முடியாது என்று தெரிந்தது. உன்னால் அந்த ரயிலைப் பார்த்துவிட்டு இவ்வளவு அமைதியாக இருக்க முடியாது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பாவ்லா காட்டுகிறானோ, என்னைவிடக் கெட்டிக்காரனாகிவிட்டானோ என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை உனக்குக் குளிருக்குக் கோட் வாங்க பாணேருக்குப் போனோமே, அந்தச் சிக்னலில் வண்டி நகராமல் நின்றபோது கேட்டேன்.

"ஏழாவது படிச்சியா?"

"படிச்சேன்மா. செம."

"அந்த ரயில்ல போற பையன்?"

"ஆமா, ரயில் சீன் சூப்பரா இருந்துச்சு."

"அவன் கடைசியில எங்க எறங்கறான்?"

நீ முன்னால் நின்ற ரிக்‌ஷாவின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "சிவாஜி நகர்?" என்றாய், பரீட்சையில் ஊகித்து எழுதுகிறவனைப் போல.

பச்சை விழுந்து பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கொஞ்ச தூரம் போய் ஒரு மருந்துக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினாய். "அம்மா, நான் சொல்லிடறேன். முதல் அத்தியாயம் பாதி படிச்சேன். அதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு. ஊருக்குப் போனா போர்டு, பஸ் பேரு எல்லாம் படிச்சிடுவேன். மத்லப், அதாவது, ஒவ்வொரு எழுத்தாக் கூட்டித்தான் வருது. வரி முடியறப்போ ஆரம்பம் மறந்துடுது. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீதானே எனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தே."

"அப்ப பூங்கோதை?"

"யாரும்மா அது?"

நீ கேட்ட விதத்தில் பொய் இல்லை. அந்தக் கேள்வியை மட்டும் நான் எந்த மாதிரியோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கோட் வாங்கினோம். அது உனக்குத் தோளில் தொங்கியது, நான் சரியாக இருக்கிறது என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாய். நான் பரவாயில்லை கண்ணு, பரவாயில்லை என்றேன். உன் மன்னிப்பு என் காதில் ஏறவே இல்லை. எங்கோ ஒரு பெண் உண்மையாகவே இருக்கிறாள், நான் எழுதியதை எல்லாம் வரி விடாமல் படித்திருக்கிறாள் என்ற பயம்தான் எனக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்திலிருந்து நிறுத்திவிட்டேன். எட்டாவது அத்தியாயம் தயாராக இருந்தது. வியாழக்கிழமை லேப்டாப்பைத் திறப்பேன், மூடுவேன். நீயாக இருந்தவரை எனக்கு இழக்க ஒன்றுமில்லை. இப்போது ஒருத்தி காத்திருக்கிறாள், அவளுக்கு என் முகம் தெரியாது, என்மேல் பரிதாபப்படக் காரணமும் கிடையாது. நான் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடும். லோனாவாலா ரயிலில் உனக்கு என்ன இருந்ததோ அது எனக்கு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று உன்னிடம் சமையலறையில் ஏதேதோ தைரியம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட எனக்கு உதவவில்லை.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை, நான் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வந்து நின்றால் ஒன்று கேஸ் தீர்ந்திருக்கும், இல்லை யாராவது இறந்திருப்பார்கள்.

"அம்மிணி, இந்த வாரமும் வரலியே."

"எதுங்க?"

"கதை."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "நீங்க படிக்கறீங்களா?"

"பின்ன? ஆரம்பத்துலருந்து படிக்கறேன். கீழ பெஞ்சுல உக்காந்து." நிலையைப் பிடித்துக்கொண்டு, "அவ எதுக்குப் போனா?" என்றார்.

"யாரு?"

"ருக்மணிதான். அந்தாளு குடிக்கறதில்ல, கை ஓங்கறதில்ல, சம்பளத்தைக் கொண்டாந்து கைல குடுத்திருக்கான். எதுக்கு அவ பொட்டியத் தூக்கோணும்? ஒவ்வொரு வாரமும் காரணம் வரும் வரும்னு பாக்கறேன். நீ சொல்ல மாட்டீங்கற."

"அது கதைங்க."

"அந்தாளு மோர்ல உப்பு போட்டுக் கலக்கிட்டு ஸ்பூனைக் கழுவாம வெக்கறான். நானும் அப்படித்தான் வெக்கறேன். அதுவும் கதையா?" அவர் குரல் உயரவில்லை. "எதிர்க் கட்டடத்துல மூணாவது மாடி காலியா இருக்குதுன்னு வாட்ச்மேன் சொன்னான். நீ ஏதாவது கேட்டியா அவன்கிட்ட?"

நந்தா, உன் அப்பா எத்தனை வாரமாக இதை மனதில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் பார். நான் உன்னை உளவு பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னை உளவு பார்த்துக்கொண்டிருந்தார். என் கதையை உலகத்தில் யாராவது வாக்குமூலத்தைப் போலப் படித்தார்கள் என்றால் அது அவர்தான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அவர் முகத்தில் உண்மையான பயம் இருந்தது. நான் எங்கேயும் போகவில்லை என்றேன். "அது எனக்குத் தெரியோணும்னா நீ கதையை முடிக்கோணும்" என்றார். "அவ திரும்பி வர்றாளா இல்லியா, அதைச் சொல்லிட்டு அப்புறம் நிறுத்திக்க."

அன்றுதான் பூங்கோதைக்கு முதல் முறையாக நன்றி என்ற ஒரு சொல்லுக்கு மேல் எழுதினேன். நீங்கள் யார், எந்த ஊர், என் கதையை ஏன் படிக்கிறீர்கள் என்று போலீஸ்காரி மாதிரி கேட்டிருந்தேன். அவள் பதில் எழுதவில்லை, தன் போன் நம்பரை அனுப்பினாள். அதையும் உடனே நம்பவில்லை. யாராவது என்னைப் பேச வைத்துப் பதிவு செய்வார்களோ என்று யோசித்துவிட்டு, உன் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டுத்தான் கூப்பிட்டேன். நடுத்தர வயதுக் குரல். நாக்பூரில் பிறந்து வளர்ந்தவளாம். அவள் பெற்றோர் வேலூர்ப் பக்கம். பள்ளிக்கூடத்தில் தமிழே கிடையாது. கல்யாணமாகி, பிள்ளைகள் பெரிதான பிறகு, போனில் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டாளாம். படித்துப் பழகத் தமிழில் எதையாவது தேடியபோது என் பக்கம் கிடைத்ததாம்.

"எனக்கு வேகமாப் படிக்க வராது மேடம். அதனால ஒவ்வொரு வரியும் ரெண்டு தடவை படிக்கறேன். தப்பு இருந்தா தெரிஞ்சிடும்" என்றாள்.

"பிடிச்சிருக்கா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பிடிக்கலைன்னா எதுக்கு வெள்ளிக்கிழமை காலையில சாப்பாட்டு டப்பா கட்டறதை விட்டுட்டு உங்களுக்கு எழுதறேன்? ஆனா ஏழாவது பிடிக்கலை. அதை நீங்க சரி பண்ணணும். அந்த ஐயா இருக்காரே, ருக்மணியோட வீட்டுக்காரர், அவரையும் நீங்க சரியாப் பார்க்கலை. அவர் பக்கம் நீங்க போகவே மாட்டேங்கறீங்க."

பக்கத்தில் உன் அப்பா தலையை ஆட்டினார், மெதுவாக, அவருக்கு மட்டும் என்பதுபோல. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அவள் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம், இவள் உண்மையாகவே நாக்பூர்தானா, பின்னால் கேட்ட குக்கர் சத்தம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துவிட்டது. சந்தேகப்படுவதற்கும் ஒரு சக்தி வேண்டும், அது அன்று தீர்ந்துபோனது என்று வைத்துக்கொள்.

வெளியே போன மின்னஞ்சலைத் திரும்ப எடுக்க முடியாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அதனால் எட்டாவது அத்தியாயத்தின் தொடக்கத்தில் இரண்டு வரி எழுதினேன். சென்ற அத்தியாயத்தில் ரயிலில் போன மகன் இந்தக் கதையைச் சேர்ந்தவன் அல்ல, தவறி ஏறிவிட்டான், அவனை மறந்துவிடுங்கள் என்று. எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தன் தப்பைத் தானே எல்லோருக்கும் அறிவிக்கிற கதாசிரியையை யார் மதிப்பார்கள் என்று ஒரு மனம். மதிக்காவிட்டால் போகட்டும், தப்பு அங்கேதானே இருக்கிறது என்று ஒரு மனம். தயாராக வைத்திருந்த எட்டாவதையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். அதில் ருக்மணி வரவில்லை. அவள் கணவன் மட்டும் இருந்தான், காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரைக்கும், தனியாக. அழுத்தினேன். கை நடுங்கியது. நடுங்கிய கையாலேயே அழுத்தலாம் என்பது எனக்கு அன்று புதிதாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் நடுங்கியது, ஒவ்வொரு வியாழக்கிழமையும் கதை போனது.

போன மாதம் முடித்தேன். ருக்மணி திரும்பி வரவில்லை, நந்தா. கொண்டுவந்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், உன் அப்பா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கும் வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் ஒவ்வொரு வரியும் மாதிரிக் கையெழுத்தைப் பார்த்துப் போட்டதுபோல அச்சு அசலாக இருந்தது. அழித்துவிட்டேன். அவள் எதிர்க் கட்டடத்திலேயே இருக்கிறாள், அவன் இங்கேயே இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள், முன்பைவிட அதிகமாக. வியாழக்கிழமை சாயங்காலம் உன் அப்பா போனை எடுத்துக்கொண்டு கீழே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "முடிவு சரிதான்" என்றார். பிறகு, "ஆனா அவன் என்ன பேசினான்னு கொஞ்சம் எழுதியிருக்கலாம்" என்றார். அதை வாசகராகச் சொன்னாரா கணவராகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மறுநாள் மோர் குடித்துவிட்டு ஸ்பூனை வழக்கம்போலத்தான் வைத்தார். நானும் வழக்கம்போலத்தான் கழுவினேன். ஆனால் இப்போதெல்லாம் சாயங்காலம் நான் கீழே போகும்போது அவரும் வருகிறார். பெஞ்சில் உட்கார்ந்தால் நிறையப் பேசுகிறார், பெரும்பாலும் தண்ணீர் டேங்க் பற்றி.

இதையெல்லாம் உனக்கு எதற்குச் சொல்கிறேன்? நீ புது ஊருக்குப் போகிறாய். அங்கேயும் ஒருநாள் எதிர்ப் பிளாட்பாரத்து ரயில் உன் கண்ணில் படும். பயப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் நீ நம்ப மாட்டாய், நம்பவும் கூடாது. பயத்தோடேயே உள்ளே போ. உள்ளே போனால் நீ யாரென்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பது உண்மைதான். எனக்கும் அதுதான் நடந்தது. ஒருத்திக்கு என்னைத் தெரிந்துவிட்டது, எந்த இடத்தில் நான் ஏமாற்றுகிறேன் என்பது உட்பட. அதற்குப் பிறகும் அவள் வெள்ளிக்கிழமை எழுதினாள். செம என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் தள்ளி வை. எந்த இடம் சரியில்லை என்று விரல் வைத்துச் சொல்கிறவர்கள் கிடைத்தால் அவர்களை விட்டுவிடாதே, அவர்கள் பெயர் எவ்வளவு சந்தேகமாக இருந்தாலும் சரி.

உன்மேல் எனக்குக் குறை இருக்கிறதா என்று பாணேரிலிருந்து வரும்போது கேட்டாய், நான் இல்லை என்றேன். முழுக்க உண்மை இல்லை. நீ படிக்கவில்லை என்பது எனக்குக் குறை இல்லை. பூங்கோதை நீயாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன், அதைக் கண்டுபிடிக்க எனக்கு அந்தச் சிக்னல் வரைக்கும் ஆனது, அதுதான் உறுத்துகிறது. அதற்கு நீ ஒன்றும் செய்ய முடியாது. அவள் அவளாக இருப்பதே கதைக்கு நல்லது.

இந்த வியாழக்கிழமை இது எல்லோருக்கும் போகும், உனக்கும் வரும். நீ ஏர்போர்ட்டில் இருப்பாய், அல்லது அங்கே போய் இறங்கியிருப்பாய். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாயோ, போனை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாயோ, அப்படியே விட்டுவிடுகிறாயோ, உன் இஷ்டம். சனிக்கிழமை கூப்பிடுவேன். படிச்சியா என்று கேட்பேன், கேட்காமல் என்னால் இருக்க முடியாது. படிக்கவில்லை என்றால் "படிக்கலைம்மா" என்று சொல். அதை நான் அப்படியே நம்புவேன்.

அம்மா
தாபோடி